வள்ளத்தில் எழுதிய பெயர்

தம்பியின் ஆண்டுத் திவசத்துக்கு மண்டபம் எடுக்கத் தேவையில்லை என்று அம்மா சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வந்து சாப்பிடுகிறவர்கள் கை கழுவும்போது குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். ஆள் கடைசிவரை கிடைக்கவே இல்லையோ? கிடைக்கவில்லை. வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சின்னப் படகில் ஒன்ராறியோ ஏரிக்குள் போனான். படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கரையேறினார்கள். பொலிஸ் தேடியது, சுழியோடிகள் தேடினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அம்மா நிறுத்தவில்லை. பஸ்ஸில் யாராவது அவன் உயரத்தில் ஏறினால் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்.

அந்த வருடம் மன்னார்க் கரையோரத்தைப் புயல் துடைத்துப் போட்டிருந்தது. டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் சில குடும்பங்கள் கூடிக் காசு சேர்த்தோம். ஐந்தாம் மாடி அன்ரிதான் சும்மா கொடுக்கக் கூடாது என்றார். வட்டியில்லாத கடனாகக் கொடுப்போம், திரும்பி வரும் காசை அடுத்த குடும்பத்துக்குக் கொடுப்போம், வாங்குகிறவர்களும் தலை நிமிர்ந்து வாங்குவார்கள் என்றார். அங்கே பெண்களைக் குழுவாகச் சேர்த்தோம். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் அவளுக்காகக் கட்ட வேண்டும். ஒருத்தி தையல் மெஷின் கேட்டாள், இன்னொருத்தி ஆடு கேட்டாள், புருஷனின் வள்ளத்தைப் புயலுக்குப் பறிகொடுத்தவள் மீன்பிடி வள்ளம் கேட்டாள்.

மண்டபக் காசை அம்மா இதற்குத் தந்தார். ஆடு போதும் என்று நான் சொல்ல, வள்ளத்துக்கென்றால்தான் தருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதில் தம்பியின் பெயரை முன்னால் ‘அமரர்’ போட்டு எழுத வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் சனம் செத்தவர் பேரில் எதைத்தான் கொடுக்காது? பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கி, வாசிகசாலைக் கதிரை, பஸ் நிறுத்தத்தில் குந்த ஒரு வாங்கு. வள்ளத்தில் எழுதினால் மட்டும் என்ன என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

நீல வள்ளத்தின் படம் வந்தது. அம்மா அதைத் தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து விளக்கேற்றினார். எனக்கு அது பிடிக்கவேயில்லை. ஆனால் மாதம் தவறாமல் தவணை வந்துகொண்டிருந்தது. கூட்டம் கூடும்போதெல்லாம் வள்ளம் வாங்கிய பெண்ணை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டினோம்.

பிறகு எங்கள் கட்டடத்து அங்கிள் ஒருவர் விடுமுறைக்கு ஊருக்குப் போன இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பினார். வள்ளம் கரையில் தென்னோலைக் கிடுகுக்குக் கீழே கிடந்தது. அடியில் கோழிகள். தண்ணீரே தொடாத வள்ளம் என்று அவர் எழுதியிருந்தார். பிறம்ரன் கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிய முதுகோடு வந்திருந்த எனக்குத் தலைக்கேறியது. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு அழைத்து, வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன்.

அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். புருஷன் வேறு ஆளின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறாராம். விடிய முதல் எழுந்து இடியப்பம் அவித்து விற்றுத் தவணையைக் கட்டுகிறாளாம். தான் தவறினால் மற்றப் பெண்களின் தலையில் விழுமே என்றாள்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. செத்த ஆளின்ர பேர் எழுதின வள்ளத்தில ஏறிக் கடலுக்குப் போகமாட்டன் எண்டுறார். ஊரில ஒருத்தரும் ஏறமாட்டினம்.”

அப்படியென்றால் அழித்திருக்கலாமே என்றேன்.

“ஒரு தாய் எழுதச் சொன்ன பேரெல்லே அக்கா. அதை நான் எப்பிடி அழிக்கிறது?”

ஸ்பீக்கர் போட்டிருந்தது. குசினி வாசலில் நின்ற அம்மா வந்து போனை என் கையிலிருந்து வாங்கினார். “அழியுங்கோ பிள்ளை. நல்லா உரஞ்சிப்போட்டு உங்கட மாதாவின்ர பேரை எழுதுங்கோ” என்றார். போனை மேசையில் வைத்தார். சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தார். அப்போதுதான் கேட்டேன், ஏன் வள்ளம்தான் வேண்டும் என்று நின்றீர்கள் என்று.

“ஆடு எங்க போகப்போகுது? வள்ளமெண்டால் ஒவ்வொரு நாளும் கரைக்குத் திரும்பி வருமெல்லே.”

எனக்கு அழுகையை விடப் பயம்தான் வந்தது. ‘அமரர்’ என்று எழுதச் சொன்னவர் அதை ஒரு நாளும் நம்பியிருக்கவில்லை.

பெயர் மாறியது. வள்ளம் கடலில் இறங்கியது. அங்கே விடிந்து வலை கரைக்கு வரும் நேரம் இங்கே எங்கள் இரவுச் சாப்பாட்டு நேரம். அம்மா தினமும் அந்தப் பெண்ணை அழைத்து, வள்ளம் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்பார். வந்தது என்றால்தான் சாப்பிடுவார். இப்படிக் கரைச்சல் கொடுக்காதீர்கள் என்று நான் சண்டை பிடித்தும் பார்த்தேன். அவள் அலுத்துக்கொள்ளவில்லை. சில நாட்களில் கரையிலிருந்தே பேசுவாள், எங்கள் குசினி முழுக்க அலைச் சத்தம் கேட்கும்.

போன மாதம் ஒரு நாள், இப்போதுதான் வந்தார்கள் என்றாள். மீன் நன்றாகப் பட்டிருக்கிறதாம். புருஷனும் மச்சானும் இறங்கிவிட்டார்களாம்.

“அவை ரெண்டு பேர்தானோ?” என்று அம்மா கேட்டார்.

போனில் அலைச் சத்தம் தூரப் போனது. நான் எழுந்து போய் அம்மாவின் தோளைப் பிடித்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, புருஷனுக்குக் கேட்காத தூரத்துக்கு நடந்து போய்க் கேட்பதுபோலக் கேட்டாள்.

“அம்மா, உங்கட மகன் தண்ணியிலயோ போனவர்?”

தண்ணீரில் போனவன் பேரில் வந்த வள்ளம் என்று அவள் ஒரு வார்த்தை புருஷனிடம் சொன்னால் போதும், வள்ளம் மறுபடி கிடுகுக்குக் கீழே போய்விடும். அம்மாவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

“இல்லைப் பிள்ளை” என்றார். “ஆஸ்பத்திரியில. நான் பக்கத்தில இருந்தனான்.”