உப்பில்லாத நோன்புக் கஞ்சி

2023 மார்ச் மாதக் கடைசி, ரமழான் நோன்பின் முதற் பத்து நாள். கல்முனைக்கு அருகே, கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

என் கணவர் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். முந்தைய ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டில் கடையை மூடினார். பிறகு பேச்சும் மெல்ல மெல்லக் குறைந்தது. சாப்பிடச் சொன்னால் இரண்டு வாய் சாப்பிடுவார், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு என்று மருந்து தந்தார்கள். அழுகை நின்றது, தூக்கம் வந்தது. ஆனால் விடிந்தால் எதற்காக எழும்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. "கையில ஏதும் வேலை குடுத்துப் பாருங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்களோ பாவம் பார்த்து, ஒரு தேங்காயைக்கூட அவரை உரிக்க விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களும் அவர் முன்னாலேயே குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்படி?" என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

அந்த நோன்பில், பள்ளிவாசலில் கிடாரம் என்ற பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சுகிறவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர் நேரே எங்கள் அறைக்குள் வந்தார்.

"எழும்புங்க தம்பி. கிடாரம் அடுப்புல இரிக்கி, காய்ச்ச ஆளில்ல."

நான் தடுக்க வாயெடுப்பதற்குள் இவர் சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போய்விட்டார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி வீடு வீடாகப் போனது. எங்களுக்கும் ஒரு வாளி வந்தது. நோன்பு திறந்து முதல் வாய் குடித்ததும் எனக்குத் திக்கென்றது. கஞ்சியில் உப்பே இல்லை. இவரும் ஒரு வாய் குடித்தார். கோப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். இத்தனை நாள் பட்ட பாடு இத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

அந்தி மஃரிப் தொழுகை முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர், இவரோடு ஒன்றாகப் படித்தவர், கேற்றில் நின்று கத்தினார்.

"டேய் மச்சான், வா வெளிய! கடலுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு உப்பில்லாமக் கஞ்சி காய்ச்சினவன் நீ ஒருத்தன்தான்டா!"

நான் ஓடிப்போய், "மெதுவாக் கதைங்க காக்கா, அவருக்குச் சுகமில்ல" என்று அந்த அண்ணனிடம் கெஞ்சினேன்.

"ஊர்க் கஞ்சியையே கெடுத்தவனுக்கு என்ன சுகமில்ல?"

என் முதுகுக்குப் பின்னால் கணவரின் குரல் கேட்டது.

"நோன்போட உப்புப் பார்க்கேலுமா மச்சான்? தேங்காப்பால் ஊத்தினதும் உப்புப் போடுவமெண்டு திரும்புறன், அதுக்குள்ள வாளியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறீங்க. அவசரம் ஆருக்கு?"

"பழிய எங்கட தலையிலயே போடுறியா?"

"நாளைக்கு வா. குடிச்சிட்டுப் பொறகு கதை."

மாதக்கணக்கில் இவர் வாயிலிருந்து நாளை என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

மறுநாள் யாரும் சொல்லாமலே குளித்து, தாடியைச் சீராக்கிக்கொண்டு, நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். அன்று அந்தத் தோழர் இரண்டு வாளி வாங்கிப்போனார்.

மருந்து அதன்பிறகும் நெடுநாள் தேவைப்பட்டது. சில காலைகள் பழையபடி கனத்தும் விடிந்தன. ஆனாலும் இப்போது சந்தியில் சின்னதாய் ஓர் அப்பக் கடை நடத்துகிறார், ஒவ்வொரு நோன்புக்கும் கிடாரம் இவர் கையில்தான். முன்பு என்னிடம் குரல் தாழ்த்தி இவரது சுகம் விசாரித்த ஊர், இன்று இவரிடமே நேராக வந்து, "கஞ்சியில இஞ்சி கூடிப்போச்சு" என்று சண்டை பிடிக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிர்கிறது.