தராசுக்காரருக்கு ஒரு விசா

அவர் ஊரில் தராசு பழுதுபார்ப்பவர். அவள் வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். இருவருக்கும் இது இரண்டாம் கல்யாணம். நாற்பத்தாறு வயதில், லீவில் போயிருந்தபோது, பதிவு அலுவலகத்தில் நான்கு பேர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டாள். பதினோராம் நாள் விமானம் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் குடும்பம் போனில்தான் நடந்தது.

சலவைப் பிரிவில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். இயந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்பை, எதிரே நிற்பவர் கையைத் தூக்குவதற்குள் மடித்து முடித்துவிடுவாள். எதிலும் அவசரக்காரி. அவரை ஒரு தடவை வரவழைத்துப் பார்க்கும் விஷயத்தில் மட்டும் மூன்று மாதம் இழுத்தடித்தாள்.

கூட வேலை செய்யும் தோழி சொல்லித்தான் ஒரு விசா ஏஜெண்டிடம் போனாள். செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவரோரம் ஃபைல்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. மனிதர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?"

"தராசு ரிப்பேர். கடை கடையாப் போய்ப் பார்ப்பார்."

"சம்பளச் சீட்டு?"

"கிடையாது."

ஏஜெண்ட் பேனாவை மூடி வைத்தார். "அப்படி எழுதினா, திரும்பிப் போக என்ன பிடிமானம்னு கேட்பாங்க. ஒரு கம்பெனியில சூப்பர்வைசர்னு போட்டுடுவோம். லெட்டர் என் பொறுப்பு. கல்யாணப் போட்டோ இருக்கா?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணுல அவர் கண்ணை மூடியிருப்பார்."

ஏஜெண்ட் சிரிக்கவில்லை. இருவரும் அனுப்பிக்கொண்ட செய்திகளைக் காட்டச் சொன்னார். போனைக் கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் வாங்க போங்கன்னே எழுதியிருக்கீங்க. பாங்க் மேனேஜர்கிட்ட பேசுற மாதிரி இருக்கு," என்றார்.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று படி இறங்கினாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று மறுநாள் தோழி கடிந்துகொண்டாள். "என் வீட்டுக்காரருக்கும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு."

அந்த அனுபவம் அவளுக்கு ஏற்கெனவே உண்டு. முதல் கல்யாணத்தில் மாப்பிள்ளை என்ஜினியர் என்றார்கள். நன்றாக விசாரித்துவிட்டதாகச் சித்தப்பா அடித்துச் சொன்னார். அந்த ஆள் எந்த வேலைக்கும் போனவனில்லை என்று தெரிய ஆறு மாதம் ஆனது, விட்டு வெளியே வர ஆறு வருஷம்.

மதிய இடைவேளையில் கணவருக்குப் போன் செய்தாள்.

"சூப்பர்வைசரா?" என்றார் அவர். "எதை சூப்பர்வைஸ் பண்றீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"அதையும் அவரே சொல்லித் தருவாராம்."

"பொய் சொன்னா எனக்குக் காது சிவந்துடும். ஆனாலும் உங்களுக்கு எது சரின்னு படுதோ, செய்வோம்."

"எல்லாத்தையும் என் தலையிலயே கட்டுங்க. உங்க மனசுல என்னதான் இருக்கு?"

"வரணும்னு இருக்கு. நானா வரணும்னு இருக்கு, வேற யாராவோ இல்ல."

அந்த வாரக் கடைசியில் அவளே விண்ணப்பத்தை நிரப்பினாள். தொழில் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி போட்டாள். அவர் தன் பங்குக்குக் கடைகளில் ஏறி இறங்கி ஒன்பது கடிதம் வாங்கி அனுப்பினார். மளிகைக்கடைக்காரர் மட்டும், "இவர் சீக்கிரம் திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் வாடிக்கையாளர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்" என்று எழுதி சீல் குத்தியிருந்தார்.

ஐந்து வாரம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது.

அன்னைக்கே சொன்னேனே என்று தோழி வாய் திறந்து சொல்லவில்லை. அன்று முழுக்க அந்த முகத்தோடுதான் எதிரே நின்று மடித்தாள். மடிப்பக்கா கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து ஷிஃப்டை முடித்தாள். மறுநாள் நேராக ஏஜெண்டிடமே போனாள்.

"கம்பெனி லெட்டர் வேண்டாம். இதுல எங்க தப்புன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. உங்க கூலியைத் தந்துடுறேன்."

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "தராசைப் பத்தி இதுல ஒரு வார்த்தை இல்லையேம்மா," என்றார், ஏமாந்தவர்போல. "உங்களைப் பத்தில்ல கேட்டிருக்காங்க! வந்தா எங்க தங்குவார்? உங்க வேலைக்கு அத்தாட்சி எங்க? அவருக்குக் கட்டுக் கட்டா வச்சிருக்கீங்க, உங்க காகிதம் ஒண்ணுகூட இல்லையே."

தன்னைப் பற்றி ஒருவர் கேட்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரியில் வேலைச் சான்று வாங்கினாள். மூன்று பெண்களோடு பகிர்ந்துகொண்டிருந்த அறையை விட்டு, ஒரு வீட்டின் பின்கட்டில் தனி அறை பார்த்து, ஒப்பந்தம் எழுதினாள். ஏஜெண்ட் எல்லாவற்றையும் அடுக்கி, பக்க எண் போட்டு அனுப்பினார். பொய் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்காமலிருக்க மனிதர் ரொம்பக் கஷ்டப்பட்டார் என்று அவள் தோழியிடம் சொன்னாள்.

மூன்று மாதம் கேட்டதற்கு முப்பது நாள் கிடைத்தது.

அவர் வந்திறங்கிய பிற்பகலில் விமான நிலையத்தில் ஆளுக்கொரு வாசலில் நின்று முக்கால் மணி நேரம் வீணானது. கடைசியில் அவள்தான் கண்டுபிடித்தாள். போனில் கேட்ட குரலுக்கு ஆள் சற்றுக் குள்ளமாகப் பட்டார். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பயணம் எப்படி என்று அவள் கேட்டாள், நல்லபடி என்று அவர் சொன்னார்.

"நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். ஆறு மணிக்குக் கிளம்பிடுவேன். நீங்க தூங்குங்க," என்றாள்.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன்."

வந்தார். அவளுக்கு வேலை இருந்த எல்லா நாளும் வந்தார்.