அத்தாவின் இங்கிலீஷ்

என் ஆங்கில நாவலில் ‘எஸ்டர்டே இட்செல்ஃப்’ என்று வந்த இடங்களையெல்லாம் லண்டன் எடிட்டர் அடித்திருந்தார். வெளிநாட்டு வாசகர்களுக்குப் புரியாதாம். எண்பதுகளில் திண்டுக்கல்லில் அத்தாவின் தோல் கிடங்கில் அடித்த உப்புத்தோல் வாடை சட்டென்று மூக்கில் ஏறியது.

ஒருநாள் பள்ளி விட்டு அங்கே போயிருந்தேன். முதல்நாள் நல்லதென்று சொல்லி விலை பேசிய தோலையே மட்டம் என்று தள்ளினார் ஒரு வெள்ளைக்கார வியாபாரி. அத்தா நிமிர்ந்து பார்த்தார்.

“எஸ்டர்டே இட்செல்ஃப் யூ ஒன்லி டோல்டு குட், நோ?”

கூட வந்த மெட்ராஸ் ஏஜென்ட் சிரித்துக்கொண்டே அதைத் திருத்திச் சொல்லப் போனார்.

“செத்த நேரம் சும்மா இருங்க தம்பி. அவரு மூஞ்சியப் பாருங்க, புரிஞ்சிருச்சு,” என்றார் அத்தா.

வெள்ளைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. பேசிய விலைக்கே சரக்கை எடுத்துக்கொண்டார்.

எடிட்டரைப் போனில் கூப்பிட்டு, ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன் என்றேன். வெகுநேரம் வாதாடினார், நான் இறங்கிவரவில்லை. நாவல் அப்படியே வந்தது, ஓர் அடிக்குறிப்புகூட இல்லாமல்.