விடைபெற்ற பின் கேட்ட கேள்வி

டாக்டர் திலகவதி இறந்த செய்தி, சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில், காங்கேயம் பேருந்தின் ஜன்னலோரம் நான் பாதி உறக்கத்தில் இருந்தபோது வந்தது. போனில் பேசியவர் அவருடைய தங்கை சாவித்திரி.

"அக்கா போயிட்டாங்க. விடியகாலைல, தூக்கத்துலயேங்க."

"வலி இருந்ததா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருந்தாங்க."

இந்தப் பதிலை நம்பக் கூடாது என்ற ஒன்றில்தான் நானும் திலகவதியும் முழுதாக உடன்பட்டிருந்தோம்.

இந்த அஞ்சலிக் குறிப்பை வாசிக்கும், அவருடன் பணியாற்றிய உங்களுக்குத் தெரியும்: அவர் சமூக மருத்துவம், நான் புள்ளியியல். நாள்பட்ட வலியோடு எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று வீடுவீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்பில் சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் வலி ஆஸ்பத்திரிக்குத் தெரியும், வராதவர்களின் வலி யாருக்குத் தெரியும் என்பது அவர் கேள்வி. வலியை எண்ணில் அடக்க முடியுமா என்பது என் ஐயம். இன்றும் அது தீரவில்லை. "சந்தேகப்படுங்க அம்மணி. ஆனா போய்க் கேட்டுப்போட்டு சந்தேகப்படுங்க" என்பார்.

காங்கேயம் அருகே கேள்விகளைச் சோதித்துப் பார்க்கப் போன மதியம் கனவில் கண்டதைப் போல நினைவிருக்கிறது. களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. சாலையின் இருபுறமும் கண் கூசும் வெண்மை. எண்ணெய் மணம் கனத்த காற்று நகர மனமில்லாமல் நின்றது. களத்து வேலைக்குப் போகும் மாராத்தாள் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"மூணு மாசத்துக்கு மேல உடம்புல எங்கயாச்சும் வலி இருக்குதுங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா இருக்கறேனுங்க."

"பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லணும்னா?"

"வெயில்ல வந்திருக்கறீங்க. உங்களுக்கு எது தோதோ அதப் போட்டுக்குங்க கண்ணு."

பூஜ்யம் என்று குறித்துக்கொண்டேன். "போயிட்டு வாரேனுங்க" என்று டாக்டர் எழுந்து செருப்பை மாட்டினார். வழியனுப்ப வாசலுக்கு வந்த மாராத்தாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் சொன்னார்: "ஏனுங்க டாக்டர், இந்த இடுப்பு புரண்டு படுக்க உடமாட்டேங்குதுங்க. வருசக்கணக்கா ஆச்சு."

"உள்ளார கேட்டப்ப ஏனுங்க சொல்லல?"

"ஊட்டுக்கு வந்தவங்க மொதல்ல மோரக் குடிக்க வேண்டாமுங்களா? வந்ததும் வராததுமா எம்பட இடுப்பையா எடுத்து வெப்பாங்க?"

மூவரும் சிரித்தோம். நான் குறித்த பூஜ்யத்தை நினைத்துக்கொண்டே சிரித்தேன்.

திரும்பும் பேருந்தில் எங்களுக்குள் சண்டை. வலியைப் பற்றிய கேள்வியை விடைபெற்ற பிறகு வாசலில் நின்று கேட்க வேண்டும் என்றார் அவர். மற்ற ஊர்களில் எல்லாம் உட்கார்ந்து கேட்கிறார்கள், நாம் மட்டும் வாசலில் கேட்டால் எதையும் எதோடும் ஒப்பிட முடியாது என்றேன் நான். டாக்டரைக் கண்டதும் வலியைக் கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டே என்றும் கேட்டேன். அவர் அதை மறுக்கவில்லை. பல்லடம் தாண்டிய பிறகு, "அப்ப ரெண்டு எடத்துலயும் கேப்போம். ரெண்டையும் எழுதுங்க. அப்புறம் சாவகாசமா சண்டை போட்டுக்கலாம்" என்றார். அப்படியே செய்தோம். இரண்டு பதில்களும் ஒத்துப்போன வீடுகள் குறைவு. சண்டையும் முடியவில்லை.

நோய் வந்து போத்தனூர் வீட்டில் அவர் படுத்திருந்தபோது கடைசியாகப் போய்ப் பார்த்தேன். தூரத்தில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் ஓசை, நீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்துகொண்டிருந்தது. "வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "நல்லா இருக்கறேன் அம்மணி. காப்பி குடிங்க." குடித்துவிட்டு எழுந்தேன். அவரால் வாசல்வரை வர முடியவில்லை. இரண்டாவது பதில் கிடைக்காமலே வீடு திரும்பினேன்.

செய்தி வந்த அன்று பேருந்திலிருந்து இறங்கி, நேராகப் போத்தனூருக்குப் போனேன். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு சாவித்திரி என்னிடம் மறுபடியும் சொன்னார்: "ஒரு செரமமும் படலீங்க." தலையசைத்து எழுந்தேன். செருப்பை மாட்டினேன். கேட் அருகே நின்றேன், கிளம்பாமல்.

சாவித்திரி கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "படுக்க முடியலீங்க அவளால. தலையணையைக் கட்டிப் புடிச்சுட்டு உக்காந்தேதான் தூங்குவா. உங்ககிட்டச் சொல்லட்டுமான்னு கேட்டேன். 'வேண்டாம், சொன்னா எத்தனைன்னு கேப்பா'ன்னு சிரிச்சா. சிரிச்சாலும் வலிக்குமுங்க அவளுக்கு."

நான் எத்தனை என்று கேட்கவில்லை. சாவித்திரி அழுது முடிக்கும்வரை கேட் அருகிலேயே நின்றேன்.

திலகவதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: வாரேன் என்று சொன்ன பிறகும் வாசலில் கொஞ்சம் நிற்பது.