பாடு முடியாத ராஜா

மீஞ்சூர் டீக்கடையில் மழையில் நனைந்த பனையோலைக் கூரையின் வாடை வந்ததும், கடலரிப்பில் கரையோடு சேர்ந்து காணாமல் போய்விட்ட எங்கள் குப்பத்தின் ஓலைக் கோயிலும், ஞாயிறுதோறும் அங்கே எஸ்தர் டீச்சர் நடத்திய வேதப் பாடமும் நினைவுக்கு வந்தன.

ஆடம்பரம் ஆத்துமாவைத் தின்றுவிடும் என்பதற்கு டீச்சர் பிரான்சு தேசத்துப் பதினான்காம் லூயியைக் காட்டுவார். ஜனங்கள் பசித்துக் கிடக்க, அவருடைய தோட்டத்தில் நீரூற்றுகள் துள்ளுமாம். 1643 முதல் 1715 வரை அவர் ஒருவரே ராஜா.

குப்பத்துக்குப் பின்னால் இருந்த ஏரியில் வலை போடும் இடத்தை ஆளுக்கொரு நாள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். என்னோடு படித்த ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை.

"எழுவத்திரண்டு வருஷமும் அவருக்கே பாடா? ஊர்ல யாரும் கேக்கலியா டீச்சர்?"

"ராஜாவ யார்டா கேப்பாங்க? கர்த்தர்தான் கேட்டாரு."

"இவங்க நைனாவுக்குப் பாடே இல்ல டீச்சர்" என்று அவன் என்னைக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள்.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து பிழைக்க வந்த நைனாவுக்கு ஏரியில் முறை கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவுவார். மற்றவர்கள் படகோரம் கூடிச் சாப்பிடும்போது தள்ளிப்போய்த் தனியாகச் சாப்பிடுவார். அன்று அவரிடம் போய் ராஜா கதையைச் சொன்னேன்.

நிமிராமலே கேட்டார்: "அம்மாம் பெரிய ஆளு கூட உக்காந்து யார்டா சாப்ட்டாங்க?"

தெரியவில்லை என்றேன்.

பல வருஷம் கழித்து ஒரு சரித்திரப் புத்தகத்தில் படித்தேன். மத்தியானத்தில் ராஜா பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிட்டிருக்கிறார். மற்றவர்கள் நின்று பார்த்திருக்கிறார்கள். அதைச் சொல்ல அப்போது நைனா இல்லை.