கூரை போடாத வீடுகள்

எங்கள் வீட்டில் ஒட்டடைக்கம்புக்கு இந்த மழைக்காலத்தில் வேறு வேலை வந்துவிட்டது. மகள் பள்ளிக்குப் போனதும் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சீலிங்கை இடம் விடாமல் தட்டிப் பார்க்கிறேன். சிமென்ட் பூச்சு உறுதியாக இருந்தால் 'டக்' என்று சின்னதாகச் சத்தம் வரும். உள்ளே விட்டுப்போயிருந்தால் காலி டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பயம் வந்தால் காது தானே கற்றுக்கொள்கிறது.

நான் தட்ட ஆரம்பித்த புதிதில் மேல்வீட்டு மராத்திக்காரப் பெண்மணி இறங்கி வந்து, "பாபி, சூஹா ஹை க்யா?" என்றார். எலித்தொல்லையா என்று கேட்கிறார். என்ன சொல்வதென்று தெரியாமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஓர் எலிப்பொறி கொடுத்தனுப்பினார். அது இன்னும் பால்கனியில் இருக்கிறது.

சீலிங் பெயர்ந்து விழுந்தது மகளின் அறையில். செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்குக் கிட்டத்தட்ட என் வயது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று நாங்கள் குடிவந்த நாளிலிருந்து குடியிருப்பவர்கள் கூடும் சொசைட்டி கூட்டங்களில் பேசுகிறார்கள். பேசப் பேச மழைநீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அன்று மகள் பள்ளியிலிருந்து வந்து கட்டிலில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலை வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்க ஒரு கூரியர்காரன் நின்றிருந்தான். அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே சீலிங் பெயர்ந்து தலையணைமேல் விழுந்தது.

நான் அப்போது ஃபோர்ட் பகுதியில் இருக்கும் என் அலுவலகத்தில் இருந்தேன். அவளேதான் போன் செய்தாள்.

"அம்மா, என் ரூம் சீலிங் விழுந்துடுத்து. எனக்கு ஒண்ணும் ஆகலை. நீ பதறாதே. டாக்ஸி பிடிக்காதே, டிராஃபிக். ட்ரெயின்லயே வா."

பன்னிரண்டு வயதுக் குழந்தை எனக்கு வழி சொன்னாள். ஹார்பர் லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்று கிளம்பியது. பக்கத்தில் ஒருத்தி மடியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பட்டாணிகள் பையில் விழுவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தத் தலையணைமேல் கிடந்த சிமென்ட் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். அந்தக் கூரியர்காரன் இப்போது கட்டடத்தில் யார் வீட்டுக்கு வந்தாலும் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கிறேன். ஏனென்று அவனுக்குத் தெரியாது.

பழுது பார்க்க வந்த மேஸ்திரி தாராவியில் இருப்பவர், திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். துருப்பிடித்த கம்பிகளைச் சுரண்டி, மருந்து அடித்து, புதிதாகப் பூசிக் கொடுத்தார். அவர் ஏணியை மடக்கும் முன்பே நான் கம்பை எடுத்துவிட்டேன்.

"என்னம்மா செய்தீய? இப்படித் தட்டிக்கிட்டே இருந்தா நல்ல சீலிங்கும் விழுந்துரும்லா!"

என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மகளை அந்த அறையில் படுக்க விடவில்லை. பெயின்ட் காயட்டும் என்றேன். காய்ந்தது. மழை நிற்கட்டும் என்றேன். நின்றது. பெயின்ட் வாசனை போகட்டும் என்றேன். மூன்று பேரும் ஹாலில் வரிசையாக மெத்தை போட்டுப் படுத்தோம். ஹால் சீலிங்கை நான் முழுதாகத் தட்டிப் பார்த்திருந்தேன்.

"அம்மா, என் ரூமை எனக்கு எப்போ தருவே?" என்று தினமும் கேட்டாள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தினமும் சொன்னேன்.

என் பழைய விளையாட்டுக் கட்டைகள் கிடைத்தது அந்தப் பழுதுவேலையின்போதுதான். அவள் அறையின் பரண்மேல் இருந்த சாமான்களை இறக்கியபோது, என் அம்மா தைத்த ஒரு துணிப்பை வந்தது. அசைத்ததும் தெரிந்துவிட்டது. அந்தச் சலசலப்பு வேறு எதிலும் வராது. ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள். சிவப்பும் வெள்ளையும் நிறைய, மஞ்சள் கொஞ்சம். தட்டையான சிறு கட்டைகளின் ஓரங்களில் பல் பதிந்த குழிகள். ஒட்டிக்கொண்டு வராத கட்டைகளை நான் பல்லால் கடித்துத்தான் பிரிப்பேன். கடித்தவை என் பால்பற்கள். அந்தப் பற்கள் போன இடம் தெரியாது. அவற்றின் தடம் மட்டும் பரணில் இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே ஹால் தரையில் உட்கார்ந்து ஒரு சுவர் எழுப்பினேன். கட்டைமேல் கட்டையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டதும் மூச்சு சீராக வந்தது. சீலிங் விழுந்த நாளுக்குப் பிறகு அப்படி மூச்சுவிட்டது அன்றுதான் என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஆபீசிலிருந்து வந்ததும் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவேன்.

என்னைப்போல் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் அலுவலகத்தில் இன்னும் சில வருடங்களில் ஓய்வுபெறப் போகிற ஓர் அதிகாரியின் மேசையில் அவரே கட்டிய ஒரு ரயில் எஞ்சின் நிற்கிறது. அதைப் பேரனுடையது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தார். நான் என் பையைப் பற்றிச் சொன்னதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பேரன் இன்னும் பிறக்கவே இல்லை" என்றார். கடையில் போய்ப் பார்த்தேன். சில பெட்டிகளின்மேல் பெரியவர்களுக்கானது என்றே போட்டிருந்தது. விலையைப் பார்த்ததும் அது உண்மைதான் என்று புரிந்தது. வாங்காமல் வந்துவிட்டேன். எனக்கு அந்தப் பெட்டிகளில் இருந்த கோட்டையும் கப்பலும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது நான் வளர்ந்த மாட்டுங்கா வீட்டின் அந்தத் தரை.

மாட்டுங்காவில் எங்களுக்கு இருந்தது ஒரு ரூம், ஒரு சமையலறை. அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள், நான். ஊரிலிருந்து வேலை தேடி வந்த சித்தப்பா சில காலம். காலையில் அந்த ரூம் அப்பா பேப்பர் படிக்கும் இடம், மத்தியானம் அம்மா அரிசி புடைக்கும் இடம். பள்ளிவிட்டு வந்ததிலிருந்து சாப்பாடு வரைக்கும் என் இடம். அதற்குப் பிறகு அது படுக்கையறை. தரையில் ஒரு ஊசி கிடந்தாலும் யாருக்காவது குத்தும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கட்டினது எதுவானாலும் படுக்கை போடுவதற்கு முன்னால் கலைத்துவிட வேண்டும்.

"கலைச்சுட்டுக் கைகாலை அலம்பிண்டு வா" என்பாள் அம்மா. திட்டுவதுபோல் இருக்காது. விளக்கை அணை என்பதுபோல் சாதாரணமாகச் சொல்வாள்.

கலைக்காமல் விட்டால் அண்ணன்கள் கலைத்துவிடுவார்கள். அவர்கள் காலால் கலைப்பார்கள். அதனால் நானே முந்திக்கொண்டு கையால் பிரித்து, நிறம் நிறமாகப் பையில் போட்டுவிடுவேன். எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக நினைவில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அந்த மாடி முழுக்க எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

என் மகள் என்னருகில் உட்கார்ந்து சில நாட்கள் வேடிக்கை பார்த்தாள். பிறகு ஒரு நாள் கேட்டாள்.

"நீ கட்டற வீட்டுக்கெல்லாம் ஏன் கூரையே இல்லை?"

நான் குனிந்து பார்த்தேன். சுவர் இருந்தது, ஜன்னல் இருந்தது, நடுவில் தடுப்புகூட இருந்தது. மேலே திறந்து கிடந்தது.

"கட்டை போறாது" என்றேன்.

"பைக்குள்ள இவ்வளவு கிடக்கே!"

"சும்மா இரு. மழை பெய்யாத ஊர்னு வெச்சுக்கோ."

"விழறதுக்கு ஒண்ணும் இருக்கக்கூடாது. அதானே?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் சொன்னதில் பாதிதான் சரி. மாட்டுங்காவிலும் நான் கூரை போட்டதில்லை. கூரை போட நேரம் வேண்டும். சுவர் எழும்பும்போதே சமையலறையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டுவிடும். இன்னும் கொஞ்ச நேரத்தில் பிரிக்கப்போகிற வீட்டுக்கு யாராவது கூரை போடுவார்களா? கலைக்கப்போவதை மனதில் வைத்துக்கொண்டுதான் கட்டப் பழகியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தானே கட்ட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டையே கட்டினாள். ஹால், சமையலறை, பால்கனி, அவளுடைய அறை. அறைக்குள் மஞ்சள் கட்டையில் ஒரு கட்டில். மேலே கூரையும் பாதி போட்டுவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டைத் தரையிலேயே வைத்துச் சாப்பிட்டாள். என் கணவர் எட்டிப் பார்த்து, "கார் பார்க்கிங் எங்கே? சண்டை போட ஒரு இடம் வேண்டாமா?" என்றார்.

இரவுச் சாப்பாடு முடிந்து அவள் குளிக்கப் போனாள். நான் சமையல் மேடையைத் துடைத்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். மெத்தைகளை எடுக்க வேண்டிய நேரம். உட்கார்ந்தேன். முதலில் கூரை, பிறகு சுவர்கள், ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சிவப்பு தனியாக, வெள்ளை தனியாக. மனதில் ஒரு கோபமோ யோசனையோ கிடையாது. கை தானாக வேலை செய்தது. அவள் தலையில் துண்டோடு வந்து நின்றபோது மஞ்சள் கட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா! ஏன் உடைச்சே?"

"உடைக்கலைடி, பிரிச்சேன். படுக்கை போட வேண்டாமா?"

"படுக்கை போடறதுக்கு எனக்கு ஒரு ரூம் இருக்கு!"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று நினைக்கவைக்கும் குரல். என் கணவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். நான் பையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் மெத்தையை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் பையைத் தொடவில்லை. அறையைப் பற்றியும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தினமும் கேட்டுக்கொண்டிருந்தவள் கேட்பதை நிறுத்திவிட்டால், இனி எதையும் என்னிடம் கேட்க மாட்டாளோ என்று ஒரு புதுப் பயம். சீலிங் விழும் பயத்துக்குக் கம்பு இருக்கிறது. இதை எதனால் தட்டிப் பார்ப்பது?

அடுத்த ஞாயிறு நானே பையைக் கொண்டுவந்து ஹால் நடுவில் கொட்டினேன்.

"கூரை எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லு" என்றேன்.

கொஞ்ச நேரம் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சோபாவிலிருந்து இறங்கி வந்தாள்.

"முதல்ல சுவரை ஒழுங்கா கட்டு. ஒரு ஜாயின்ட் மேல இன்னொரு ஜாயின்ட் வரக்கூடாது. அரே, இது தெரியாமலா இத்தனை வருஷம் கட்டினே?"

"எனக்கு டைம் கிடையாதுடி."

"எதுக்கு டைம் இல்லை?"

அப்போதுதான் அவளிடம் மாட்டுங்காச் சட்டத்தைச் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டு, மெத்தைகள், அண்ணன்களின் கால். கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாள்கூட விட்டு வைக்கலையா? காய்ச்சல் வந்த அன்னிக்குக்கூட?"

"காய்ச்சல் வந்தா இன்னும் சீக்கிரம் படுக்கை போடுவா."

"பாவம் நீ" என்றாள். அது கேலியா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

கூரைக்கு நீளக் கட்டைகள் போதவில்லை. ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள். இரு பக்கத்திலிருந்தும் அப்படியே நீண்டு வந்து நடுவில் கூடியது. கடைசிக் கட்டை என் பல்தடம் உள்ளது. அழுத்தும்படி என்னிடம் கொடுத்தாள். அழுத்தினேன். பிறகு என்னை அறியாமல் விரல்முட்டியால் கூரையைத் தட்டினேன்.

"அம்மா, தட்டினது போதும்" என்றாள். "நிக்கும்."

இரவு சாப்பாடு முடிந்தது. கட்டடம் ஹால் நடுவில் அகலமாக நின்றது. அதைச் சுற்றி இரண்டு மெத்தைகளுக்கு இடம் இருந்தது. மூன்றாவதற்கு இல்லை. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். என் கணவர் எதையும் பார்க்காததுபோல் பல் தேய்க்கப் போய்விட்டார். என் கை எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் தன் மெத்தையைச் சுருட்டி இழுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். நான் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கட்டிலில் மெத்தையை விரித்தோம். நான் மேலே பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"கம்பை எடுத்துண்டு வராதே" என்றாள். பிறகு, "கதவை மட்டும் சாத்தாதே. திறந்தே இருக்கட்டும்" என்றாள்.

நான் அன்று நன்றாகத் தூங்கவில்லை. ஆனால் எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை. காலையில் பால் எடுக்க எழுந்தபோது, பால்கனி வழியாக வந்த வெயில் ஹால் தரையில் விழுந்து, கட்டடத்தின் சின்ன ஜன்னல்களுக்குள் புகுந்து மறுபக்கம் வந்திருந்தது. நான் கட்டியதைக் காலை வெளிச்சத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். அறையிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டு வந்த மகள் அதைத் தாண்டிக் கால் வைத்து, "டீ போடலையா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

அவள் பள்ளிக்குப் போனதும் கம்பை எடுத்தேன். பொய் சொல்வானேன். அவள் தலையணைக்கு நேர்மேலே ஒரே ஒரு தட்டு. 'டக்' என்றது.

மேல்வீட்டிலிருந்து பதிலுக்கு இரண்டு தட்டு கேட்டது.

கம்பை மூலையில் சாய்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன். அந்தக் கட்டடத்தைத் தொடாமல், அதைச் சுற்றிக்கொண்டு ஹாலைப் பெருக்கினேன்.