ஈறு ஆறும்வரை

எண்பதுகளின் தொடக்கத்தில் நெல்லித்தோப்பில் பல் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈறை மின்சாரத்தால் சீவும் கருவி ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தேன். பேனா போன்ற பிடி, நுனியில் மெல்லிய கம்பி. ஈறை வெட்டும்போதே ரத்தத்தையும் நிறுத்திவிடும். ஊரின் மூத்த பல் டாக்டர் ஒருவர், "எலும்பு வரைக்கும் சூடு எறங்கிடும்மா, ஈறு சுருங்கிடும்" என்று எச்சரித்தார். கம்பியை எங்கே நிறுத்த வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். நான் பயப்படவில்லை.

கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் விற்கும் அம்மாள் ஒருவர் வந்தார். என்னைவிட மூத்தவர். வலை நூலைக் கடித்து இழுத்ததில் மேல்வரிசை முன்பல் ஒடிந்து, உடைந்த விளிம்பு ஈறுக்குள் போயிருந்தது.

"வெல சொன்னா காத்துதான் வருது டாக்டரம்மா. எதிர்ல நிக்கறவ சிரிக்கறா. கெட்டியா ஒரு பல்லு வச்சுக் குடு."

வேர் சிகிச்சையை முடித்துவிட்டுச் சொன்னேன்: "ஒடஞ்ச எடம் வெளிய தெரிஞ்சாதான் அளவெடுத்துக் கேப் போட முடியும் அக்கா. ஈறைக் கொஞ்சம் சீவணும்."

"சீவு. நான் இன்னா பச்சப்புள்ளயா?"

மரத்துப்போக ஊசி போட்டேன். கம்பியை ஓரிடத்தில் நிற்கவிடாமல் ஓட்டி எடுத்து, சூடு தணியவிட்டு மறுபடி ஓட்டினேன். அறையெங்கும் தீய்ந்த வாடை. வாயைக் கொப்பளித்ததும் அவர் கேட்டார்: "கருவாடு தீஞ்ச நாத்தம். என் வாயா அது?"

தற்காலிகமாகப் பிளாஸ்டிக் கேப் ஒன்றை மாட்டினேன். அங்கேதான் தகராறு ஆரம்பித்தது.

"அடுத்த வாரம் தங்கச்சி மவளுக்குக் கல்யாணம். நெசப் பல்ல அதுக்குள்ள போட்டுடு."

"முடியாது. ஈறு ஆறும்போது கொஞ்சம் மேல ஏறும். இப்பவே போட்டா அப்புறம் கேப்போட விளிம்பு தெரியும்."

"டவுன்ல வேற டாக்டரே இல்லியா?"

"இருக்காங்க. போறதுன்னா போங்க. நான் இப்ப போட மாட்டேன்."

கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். கல்யாணம் முடிந்தபின் பிளாஸ்டிக் பல்லோடு திரும்பி வந்தார். "நீ சொன்ன மாரி வெத்தலய வுட்டுட்டேன். உன்மேல கோவத்த இன்னும் வுடல" என்றபடி வாயைத் திறந்தார். ஈறு இளஞ்சிவப்பாக ஆறியிருந்தது. நான் வெட்டிய இடத்திலிருந்து மயிரிழை மேலே ஏறியும் இருந்தது. இன்னும் சில வாரம் காத்திருந்தேன். ஈறு அங்கேயே நின்றது. பிறகுதான் அளவெடுத்தேன். கேப்பின் விளிம்பை ஆழமாக ஈறுக்குள் திணிக்காமல் ஈறோடு ஒட்டி வைத்தேன். உள்ளே திணித்தால் ஈறு சிவந்து வீங்கிக்கொண்டே இருக்கும்.

கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சரி, நீ சொன்னது சரிதான்" என்றார். மிருதுவான பிரஷ்ஷால் தினமும் தேய்க்கச் சொல்லி அனுப்பினேன்.

சில வருஷம் கழித்து வேறொரு பல் ஆடுகிறதென்று வந்தார். கேப் போட்ட பல்லைச் சுற்றி ஈறு கச்சிதமாக இருந்தது. ஈறைச் சோதிக்கும் மழுங்கிய கம்பியால் தடவிப் பார்த்தேன், ரத்தம் கசியவில்லை. மற்ற பற்களில்தான் காரை படிந்து ஈறெல்லாம் வீங்கிக் கிடந்தது.

"என்ன அக்கா, இந்த ஒரு பல்ல மட்டுமா தேய்ச்சீங்க?"

"இதுதான டாக்டரம்மா நீ வச்சது. மத்ததெல்லாம் ஓசில வந்ததுதான?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுத்தம் செய்யும் கருவியை எடுத்தேன்.